டி டிரைவ் எங்கே?

குடும்பத்தில் ஒருவனுக்குக் 'கம்ப்யூட்டர் தெரியும்' என்று பெயர் வந்துவிட்டால், அது ரேஷன் கார்டில் ஏறிய பெயர் மாதிரி. நீக்குவதற்குள் ஆயுசு போய்விடும். நான் ஒரு தனியார் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். எக்செல் தெரியும், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவத் தெரியும். உறவினர்களுக்கு இதுவே தாராளம். அத்தை வீட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்ததற்குக்கூட எனக்குத்தான் போன் வந்தது. "அதுலயும் ஏதோ சிப்பு இருக்காமேடா" என்றார்.

போன் போடுகிறவர்களில் முதல் வரிசை சித்தப்பாவுக்கு. அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர். சர்வீஸ் முழுக்க ஒரு பைசாவைக்கூட ரசீது இல்லாமல் விடாத மனிதர், இன்டர்நெட்டுக்குள் நுழைந்ததும் எதைக் கண்டாலும் 'யெஸ்' அழுத்துகிறவராக ஆகிவிட்டார். அவருடைய பழைய லேப்டாப்பைத் திறந்தால் பாதித் திரைக்கு டூல்பார்கள். மீதிப் பாதியில், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும்' என்று ஒரு பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டிருக்கிறார். ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டால், "இந்தக் காலத்துல யாருடா தானா வந்து சொல்றான்? நல்ல மனுஷன்" என்கிறார்.

இந்த நல்ல மனுஷனிடமிருந்து சித்தப்பாவைக் காப்பாற்றத்தான் குரோம்புக்கைச் சிபாரிசு செய்தேன்.

பார்க்க அதுவும் லேப்டாப்தான். ஆனால் கண்டதையும் அதில் ஏற்ற முடியாது. எங்கிருந்தோ டவுன்லோடு செய்த இஎக்ஸ்இ கோப்பை விடியவிடிய இரட்டைக் கிளிக் செய்தாலும் அசையாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும், கம்பெனி கொடுத்த நிலையிலேயே இருக்கிறோமா, யாராவது கைவைத்துவிட்டார்களா என்று தன்னைத்தானே சோதித்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். உள்ளே சிஸ்டத்துக்கு இரண்டு பிரதி. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அப்டேட் ஏறும். அடுத்த முறை ஆன் செய்கையில் புதியது வேலைக்கு வந்துவிடும். ஒன்றுமே சரிப்படவில்லை என்றால் பவர்வாஷ் என்று ஓர் ஏற்பாடு: லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தி, கேட்பதற்குச் சரி சொன்னால் வாங்கிய அன்று இருந்த கோலத்துக்குத் திரும்பிவிடும். சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

இதில் ஓடும் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸை 2009-ல் மேடையேறி அறிமுகம் செய்தவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஏசரும் சாம்சங்கும் 2011 ஜூனில் முதல் குரோம்புக்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2023 அக்டோபரிலிருந்து ஹெச்பி குரோம்புக்குகள் சென்னைக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. பாதுகாப்பு அம்சங்களைப் பற்றி நான் தொண்டை வறளப் பேசியபோதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, இந்த இடத்தில்தான் நிமிர்ந்தார். "நம்ம ஊர்ப் பையன் செஞ்சது, நம்ம ஊர்லயே செய்யறான். இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

வாங்கியாயிற்று. சாயங்காலமே போன்.

"டேய், இதுல டி டிரைவ் எங்கடா?"

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் சர்வீஸ் பையன் சொல்லிக்கொடுத்த வேதவாக்கு ஒன்று உண்டு. சி-யில் எதையும் வைக்காதீர்கள் சார், ஃபார்மேட் போட்டால் போய்விடும், எல்லாவற்றையும் டி-யில் போடுங்கள். சித்தப்பாவின் மனைப் பத்திரம், பென்ஷன் உத்தரவு, சங்கத்தின் வரவு செலவு, பேத்தி மொட்டை போட்ட படம் எல்லாம் டி-யில் இருந்தன. குரோம்புக்கில் சி-யும் இல்லை, டி-யும் இல்லை.

"எல்லாம் கூகுள் டிரைவ்ல இருக்கும் சித்தப்பா."

"அது எங்க இருக்கு?"

"அவங்க சர்வர்ல."

"என் பத்திரத்தை அவன் வீட்டுல எதுக்குடா வைக்கணும்?"

சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதையேதான் கொஞ்சம் சட்ட மொழியில் கேட்டது. ஹெல்சிங்கோர் நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் விவரங்கள் கூகுளிடம் எப்படிப் போகின்றன, போவதன் அபாயத்தை நகராட்சி எடைபோட்டதா என்று குடைந்து, 2022 ஜூலையில் அங்கே குரோம்புக் பயன்படுத்தவே தடை போட்டது. பிறகு தடையைத் தளர்த்தினார்கள், விவகாரம் தொடர்ந்தது. ஹேம்லெட் குழம்பித் தவித்ததாக ஷேக்ஸ்பியர் எழுதிய ஊர் அதுதான். எங்கள் சித்தப்பா அவ்வளவு நேரம் குழம்பவில்லை. ஒரு பென்டிரைவ் வாங்கினார், அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'டி' என்று எழுதினார், பிரச்சினை முடிந்தது.

எழுத்துரு விவகாரம் அத்தனை சுலபமாக முடியவில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. குரோம்புக்கில் தமிழ்99, ஃபோனெடிக் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. யூனிகோடில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு ஃபான்ட்டைக் கொண்டுவந்து ஏற்ற நேர்வழி கிடையாது. பாமினி இல்லாத இடத்தில் பாமினிக் கோப்பைத் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று காட்சி தரும். பல வருஷத்துத் தண்ணீர்த் தொட்டித் தகராறுகள் முழுவதும் இந்த ரகசிய லிபிக்குப் போய்விட்டன. இரண்டாவது மாடிக்காரருக்கு இதில் உள்ளூர மகிழ்ச்சி என்று கேள்வி.

பழைய லேசர் பிரிண்டருக்கு விண்டோஸில் மட்டும்தான் டிரைவர் உண்டு. கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடி போட்ட ஒரு பட்டன் இருந்தது. அரசாங்கத்துக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அதிகாரி பயப்படுவார் என்பது சித்தப்பாவின் சர்வீஸ் அனுபவம். ஆல்ட்டையும் அந்தப் பூதக்கண்ணாடியையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். பிரிண்டருக்கு அவரே வழி கண்டுபிடித்தார்: தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, காய்கறிப் பையோடு போய் வாங்கி வந்துவிடுகிறார்.

இவ்வளவுக்கும் பிறகு சொல்கிறேன், எனக்குப் போன் வருவது நின்றுவிட்டது. டூல்பார் இல்லை. நல்ல மனுஷன் இப்போதும் எட்டிப் பார்க்கிறான். அந்தப் பக்கத்தை மூடினால் போய்விடுகிறான். பேப்பர், பேங்க், யூடியூபில் உபன்யாசம், அமெரிக்காவில் இருக்கும் மகனோடு வீடியோ பேச்சு, இந்த நான்குக்குமேல் கம்ப்யூட்டரில் வேலை இல்லாதவர்களுக்குப் பூட்டுப் போட்ட லேப்டாப் ஒரு வரம். ஓடிபி கேட்டு வருகிற போனை மட்டும் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பூட்டாது. அதற்குச் சித்திதான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்குச் சரியானது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் சரியாகிவிடுமா என்பது வேறு வழக்கு. என் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளியில் கொடுத்திருக்கும் லேப்டாப்பில் எதைத் தொட்டாலும், 'உங்கள் நிர்வாகி இதைத் தடை செய்துள்ளார்' என்று வருகிறது.

"மாமா, நிர்வாகின்னா யாரு?"

"உங்க ஸ்கூல்ல யாராவது இருப்பாங்கம்மா. மிஸ்ஸக் கேளு."

"கேட்டேன். மிஸ் பிரின்சிபாலைக் கேட்டாங்க. வெண்டார் அங்கிளுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியுமாம். அவரு மாசத்துக்கு ஒருநாள்தான் வருவாராம்."

ஆயிரம் பிள்ளைகள், ஐம்பது ஆசிரியர்கள், சாவி யாரோ ஒரு கான்ட்ராக்ட்காரர் பையில். தமிழ் அகராதி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் அது 'வகைப்படுத்தப்படாத தளம்' என்று தடை. ஆனால் பாம்பு வளைந்து வளைந்து ஆப்பிள் தின்னும் விளையாட்டு ஏதோ ஒரு ஓட்டை வழியாகத் தாராளமாக ஓடுகிறது. சாட் செய்ய வழியில்லை என்று நிர்வாகம் நிம்மதியாக இருக்கிறது. பிள்ளைகள் ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பைத் திறந்து, எல்லோருக்கும் பகிர்ந்து, அதில் ஆளுக்கொரு நிறத்தில் அரட்டை அடிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் மிஸ்ஸுக்கு வகுப்பே கட்டுரை எழுதுவதாகத் தெரியும்.

லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளி மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய அனுபவம். 2013-ல் பிள்ளைகளுக்கு ஐபேட் கொடுத்தார்கள். பள்ளிக்கு வெளியே கொண்டுபோனாலும் பாடத்தைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி பலத்த காவல். கொடுத்த கொஞ்ச நாளிலேயே ஏறக்குறைய 300 மாணவர்கள் காவலைத் தாண்டிவிட்டார்கள். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, செட்டிங்ஸில் போய்ப் பள்ளி ஏற்றிவைத்த புரொஃபைலை அழித்தார்கள். நிர்வாகம் மிரண்டுபோய் ஐபேடை வீட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது. என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொந்தமாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

இப்படிச் சொல்வதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டம். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒரு பதிப்பு இருந்தது. மைக்ரோசாஃப்ட் தயாரித்ததிலேயே ஏழ்மையான விண்டோஸ் என்று அதைச் சொல்லலாம். இரண்டு ஜிபிக்கு மேல் மெமரி போட்டாலும் ஏற்காது. டிவிடி ஓடாது. ஒரே சமயத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்கக்கூடாது என்றுகூட முதலில் விதி வைத்திருந்தார்கள், வெளியிடுவதற்கு முன் மனசாட்சி உறுத்தி எடுத்துவிட்டார்கள். (ஒரே சமயத்தில் மூன்று வேலைதான் என்ற சலுகையை எங்கள் ஆபீசில் கேட்டுப் பார்க்கலாமா என்று எனக்கு ஆசை.) எல்லாவற்றுக்கும் சிகரமாக, வால்பேப்பரை மாற்ற முடியாது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'பர்சனலைஸ்' என்ற வரியே இருக்காது.

பிளஸ் டூ படிக்கிற பையனிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, அதில் அவன் தலைவர் படத்தை வைக்கக்கூடாது என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? எங்கள் எதிர்வீட்டுப் பையன் என்ன செய்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்த வால்பேப்பர் கோப்பு எந்த ஃபோல்டரில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். அதன் இடத்தில் விஜய் படத்தை அதே பெயரில் வைக்கப் பார்த்தான். 'டிரஸ்டட் இன்ஸ்டாலர் அனுமதி வேண்டும்' என்று வந்தது.

"யாருண்ணா இவன்? என் லேப்டாப்புல எனக்கு அனுமதி குடுக்க?"

எனக்கும் தெரியவில்லை. அவன் விடவில்லை. கோப்பின் உரிமையை எப்படி மாற்றுவது, பர்மிஷன் என்றால் என்ன, ரெஜிஸ்ட்ரியில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் திரை கறுப்பாகும் என்று ஒவ்வொன்றாகத் தோண்டினான். திரை கறுப்பாகவும் ஆயிற்று. அவனே மீட்டான். கடைசியில் துப்பாக்கியோடு விஜய் திரையில் வந்து நின்றபோது தெருவே கூடிப் பார்த்தது. இன்று அவன் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறான். மற்ற ஊழியர்கள் செட்டிங்ஸை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சிடாக் நிறுவனத்தில் உருவானது. பூட்டு என்ற பேச்சே கிடையாது. வால்பேப்பர் மட்டுமல்ல, வேண்டுமானால் சிஸ்டத்தின் மூல நிரலையே மாற்றிக்கொள்ளலாம். அதைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. படம் போட்டுவைக்க இடம் போதவில்லை என்று சர்வீஸ் கடையில் கொடுத்து அதை அழித்தவர்கள்தான் உண்டு. வகுப்பில் அதைத் திறந்துகாட்ட ஓர் ஆசிரியர் இல்லாதபோது சிஸ்டம் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

மைக்ரோசாஃப்ட் பிறகும் பூட்டுப் போடும் ஆசையை விடவில்லை. 2012-ல் விண்டோஸ் ஆர்டி என்று ஒன்று. அதற்காகச் செய்த டேப்லெட் விற்காமல் தேங்கி, அடுத்த வருஷமே 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். 2017-ல் பள்ளிகளுக்கென்று விண்டோஸ் 10 எஸ். இப்போது அது எஸ் மோட் என்ற பெயரில் சில மலிவு லேப்டாப்களில் வருகிறது. ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் ஏற்ற முடியும். வேண்டாம் என்றால் காசில்லாமல் வெளியேறலாம், ஆனால் திரும்ப உள்ளே வர வழியில்லை.

என் தீர்ப்பு இதுதான். சித்தப்பாக்களுக்குப் பூட்டு இருக்கட்டும், பாஸ்வேர்டு வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், ஆனால் சாவி வெண்டார் பையில் வேண்டாம், வகுப்பு ஆசிரியரிடம் இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு ஒரு டஜன் லேப்டாப்பாவது முழுக்கத் திறந்து, பிள்ளைகள் கெடுக்கவும் சரிசெய்யவும் விட்டுவிட வேண்டும். டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வைத்துப் பிழைக்கிறவர்கள் குரோம்புக் பக்கமே வர வேண்டாம்.

வாங்கத்தான் போகிறேன் என்பவர்கள், மாடல் பெயரைப் போட்டு அதற்குத் தானியங்கி அப்டேட் எந்த வருஷத்தோடு நிற்கிறது என்று கூகுளின் பட்டியலில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்து வருஷம் என்று 2023-ல் அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஆரம்பிப்பது நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை, அந்த வகை முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. தள்ளுபடியில் கிடைக்கிற பழைய மாடலுக்கு அதில் பாதி ஏற்கெனவே கழிந்திருக்கும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.