ஒரு பருவைக் குடும்ப விழாவாக்குவது எப்படி?

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள், பிள்ளையின் நெற்றியில் கடுகளவில் ஒன்று எட்டிப் பார்க்கும். விவரம் போதாத பெற்றோர் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பருவும் யாருக்கும் உபயோகமில்லாமல் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. காது குத்துக்கே மூன்று தெருவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் மதுரையில் இப்படி நடக்கலாமா? கொஞ்சம் மெனக்கெட்டால் அந்தக் கடுகை வைத்து ஒரு வருஷத்துக்குக் குடும்பத்தையே கூட்டலாம். கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: கண்டவுடன் அறிவிக்கவும்

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுவது பெரும் தவறு. நடு வீட்டில் நின்று, “இங்க வா, வெளிச்சத்துக்கு வா” என்று குரல் கொடுக்கவும். தாடையைப் பிடித்து முகத்தை ட்யூப் லைட் பக்கம் திருப்பவும். “என்னாடி இது, நேத்து வரைக்கும் மொழுமொழுன்னு இருந்துச்சு?” என்று அப்பத்தா காதில் விழும்படி கேட்கவும். உசிலம்பட்டிச் சித்திக்கு வீடியோ கால் போட்டு, கேமராவை நெற்றிக்கு நேராகப் பிடிக்கவும். சித்தி பக்கத்தில் இருப்பவர்களையும் அழைத்துக் காட்டுவார். அந்த நிமிஷம் வரை தனக்குப் பரு வந்திருப்பதே தெரியாத பிள்ளை, அதற்குப் பிறகு கண்ணாடியை விட்டு நகராது. முதல் படி வெற்றி.

படி 2: காரணத்தைக் கண்டுபிடித்துத் திட்டவும்

காரணம் முன்கூட்டியே தயார்: சூடு. கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தாண்டும்போது வந்தால் வெயில் சூடு. மார்கழிப் பனியில் வந்தால் உடம்புச் சூடு. மாம்பழம், நிலக்கடலை, மட்டன் சுக்கா, கறி தோசை நான்கையும் அன்றே தடை செய்யவும். பிள்ளையின் கண் எதிரிலேயே மற்றவர்கள் கறி தோசை சாப்பிடுவது தடைக்கு வலு சேர்க்கும்.

சூட்டைத் தணிக்க விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய் ஒரு பெரிய ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்கவும். சர்க்கரையை ரத்தத்தில் சட்டென்று ஏற்றும் தின்பண்டமும் பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று ஜிகர்தண்டாவில் இரண்டுமே தாராளமாக இருக்கின்றன. ஆனால் அது குளிர்ச்சி, கடலை சூடு. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

உண்மையான காரணம் சப்பென்று இருக்கும். பூப்படைவதற்கும் மீசை அரும்புவதற்கும் வெகு முன்பே, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்குகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன; உள்ளே சாதாரணமாகவே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது; இடம் சிவந்து வீங்குகிறது. சின்ன வயதில் இது நெற்றியிலும் மூக்கிலும்தான் முதலில் தெரியும். ஏழு வயதுக்கு மேல் இதெல்லாம் சகஜம். இதில் யாரையும் திட்ட வழியில்லை என்பதால் எந்தக் குடும்பத்திலும் இந்தக் காரணம் எடுபடுவதில்லை.

படி 3: அழுக்கென்று முடிவு செய்து தேய்க்கவும்

மூக்கில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது அழுக்கேதான். அடைப்பு காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, தோலின் நிறமியும் அதில் இருக்கிறது, கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். குளியல் சோப்பும் பீர்க்கங்காய் நாரும் எடுத்து, பித்தளை அண்டாவைப் புளி போட்டு விளக்குவது போல விளக்கவும். தோல் காய்ந்து எரியும். பரு இன்னும் சிவக்கும். “பாத்தியா, இன்னும் அழுக்கு போகல” என்று மறுபடி தேய்க்கவும்.

முகம் இவ்வளவு சுத்தமான பிறகு, பள்ளிக்குக் கிளம்பும்போது தலையில் தேங்காய் எண்ணெயைக் கவிழ்க்கவும். நெற்றி மேட்டில் வழிந்து மினுங்கினால்தான் வளர்ப்பு சரி என்று அர்த்தம். நெற்றியோரத்து மயிர்க்கால்களை அடைப்பதில் அந்த எண்ணெய் உங்களுக்குக் கைகொடுக்கும். முடியின் நுனிக்கு மட்டும் தடவி, நெற்றியைத் துடைத்து அனுப்புகிற தாய்மாரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

படி 4: அடுப்படியை முகத்துக்கு மாற்றவும்

ஆளுக்கொரு வைத்தியம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்கவும். அம்மாச்சி சொன்ன சந்தனம், அயித்தை சொன்ன கஸ்தூரி மஞ்சள், எதிர்வீட்டு மதினி சொன்ன எலுமிச்சைச் சாறு, சித்தப்பா எங்கேயோ வீடியோவில் பார்த்த பூண்டு, யார் சொன்னது என்றே தெரியாத பற்பசை. பூண்டு தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சையும் பற்பசையும் எரிச்சலைக் கிளப்பும். எது எரிந்தாலும், “மருந்து வேலை செய்யுது” என்று விளக்கம் கொடுக்கலாம். பிள்ளை அழுதால் கண் பட்டுவிட்டது என்று பொருள். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போடவும். சொல்லப்போனால் இந்தப் பட்டியலில் முகத்தைத் தொடாத வைத்தியம் இது ஒன்றுதான், கெடுதலும் இல்லை.

படி 5: கை வைக்கவும்

எல்லாச் சொந்தத்திலும் விரல் நகத்தில் கைராசி உள்ள ஒரு பெரியம்மா இருப்பார். பழுத்த பருவைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பிள்ளையை மடியில் சாய்த்து, “ஒண்ணும் வலிக்காது” என்று சொல்லிக்கொண்டே அமுக்குவார். வெளியே வருவது பாதி. மீதி உள்ளே ஆழமாக இறங்கும். தானாக ஆறியிருக்க வேண்டிய இடத்தில் குழி விழும். நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு: எங்கே காயம் பட்டாலும் அங்கே கறுத்துவிடும். பரு ஒரு வாரத்தில் போனாலும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு வைத்தியம் சொல்ல இன்னொரு பெரியம்மா வருவார்.

படி 6: மெடிக்கலில் ஒரு ட்யூப் கேட்கவும்

மருத்துவர் சீட்டெல்லாம் எதற்கு? “அண்ணே, பிள்ளைக்கு மூஞ்சில பருவு, நல்லதா ஒரு ட்யூப் குடுங்க” என்றால் போதும். உங்கள் அதிர்ஷ்டம் நன்றாக இருந்தால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கிடைக்கும். இரண்டே நாளில் சிவப்பு வற்றும், முகம் பளிச்சென்று ஆகும். தெருவே விசாரிக்கும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். விடாமல் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளம் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், புதிதாக வேறு வகைப் பருவும் வரும். இப்படிக் கெட்ட முகங்களைப் பார்த்துப் பார்த்து, இந்தியத் தோல் மருத்துவர்கள் அதைத் தனி நோயாகவே எழுதிவைத்தார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பக்கத்து வீட்டில் பாதி தீர்ந்த ட்யூப் ஒன்று எப்போதும் இருக்கும். கேட்டால் மனசாரக் கொடுப்பார்கள்.

கூடவே ஒரு சிவப்பழகுக் கிரீமும் வாங்கவும். 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பேரை மாற்றிக்கொண்டது. “கொஞ்சம் கலரு கம்மியாயிட்டாளே” என்கிற அத்தைகள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

படி 7: ஃப்ளெக்ஸ் வைக்கவும்

இதுதான் உச்சம். இத்தனை படி ஏறி வந்ததற்கு ஊரறிய ஒரு மரியாதை வேண்டாமா? காதணி விழாவோ பூப்புனித நீராட்டு விழாவோ தோதாக வந்தால், மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்குப் பிள்ளையின் முகத்தை நிறுத்தவும். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி ஒரு பருவையும் விட்டுவைக்க மாட்டார். நிறத்திலும் இரண்டு படி ஏற்றிக் கொடுப்பார். மேலே தலைவர்கள், கீழே தாய்மாமன்மார் கைகூப்பிய வரிசை, பக்கவாட்டில் ஒரு சிங்கம். நடுவில் தனக்கே அடையாளம் தெரியாத ஒரு முகம்.

சீர்வரிசை மேளத்தோடு உள்ளே நுழையும் சொந்தமெல்லாம் முதலில் ஃப்ளெக்ஸைப் பார்க்கும். பிறகு அதனடியில் பட்டு உடுத்தி நிற்கிற நிஜப் பிள்ளையைப் பார்க்கும். பிறகு மறுபடி ஃப்ளெக்ஸ். “போட்டோல நல்லாத்தான இருக்கு, நேர்ல ஏன் இப்பிடி?” என்று மொய்க் கவரோடு கேள்வியும் வரும். பந்தியில் இலை போட்ட பிறகும் பேச்சு ஓயாது. “எவனோ சைட் அடிக்கிறான்டா, அதான் பருவு” என்று ஒரு மாமா பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சிரிப்பார். எல்லோரும் சிரிக்கவும். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை என்றால், “இதுக்கெல்லாமா மூஞ்சத் தூக்குறது?” என்று கேட்டு அன்றைய நிகழ்ச்சியை நிறைவு செய்யவும்.

கடைசிப் படி: சோம்பேறிகளுக்கு மட்டும்

இவ்வளவும் செய்யத் தெம்பில்லாத பெற்றோர் சிலர் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள். பொறுப்பானவர்கள் பின்பற்ற வேண்டாம். தகவலுக்காக மட்டும் சொல்கிறேன்.

அவர்கள் பிள்ளையிடம், “அது உனக்குத் தொந்தரவா இருக்கா?” என்று தனியாகக் கேட்கிறார்கள். இல்லை என்றால் விட்டுவிடுகிறார்கள். ஆமாம் என்றால், காலையும் மாலையும் எரிச்சல் தராத ஃபேஸ் வாஷால் முகம் கழுவச் சொல்கிறார்கள். கிள்ளாதே என்று ஒரு தடவை சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போகிறார்கள். காசு செலவழிக்க மனமோ வசதியோ இல்லாதவர்களுக்கு நம்ம பெரியாஸ்பத்திரி, அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனை, இருக்கிறது. தோல் நோய்க்குத் தனிப் பிரிவே உண்டு.

மருத்துவர் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடோ, ராத்திரிக்கு அடாபலினோ எழுதுவார். பரு மேல் மட்டும் பொட்டு வைப்பதில்லை; பட்டாணி அளவு எடுத்து அந்தப் பகுதி முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் சில வாரம் தோல் வறண்டு உரியலாம். பெராக்சைடு பட்டால் துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும். பழைய துணியைப் பயன்படுத்துவது நல்லது. வித்தியாசம் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். வலிக்கிற பெரிய கட்டிகள், குழி விழுகிற தழும்பு, ஏழு வயதுக்குள்ளேயே வருகிற பரு ஆகியவற்றுக்கு மட்டும் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் விழா கிடையாது, சொந்தபந்தத்துக்கு வேலை கிடையாது, பெரியம்மாவின் நகத்துக்கும் வேலை கிடையாது. களிம்பு வேலை செய்ய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் பிள்ளையின் முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காதீர்கள். விருந்தாளி வாய் திறந்தால் அவரை நிறுத்த வேண்டியது நீங்கள், பிள்ளை அல்ல.