நதிக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை

ஸ்லோவேனியாவின் ஷ்கோட்சியான் குகைக்குள் பிரவேசித்து மறையும் ரேகா நதி, 30 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியிலேயே பிரயாணம் செய்து, இத்தாலியில் திமாவோ என்ற வேறு பெயரில் தலைகாட்டுவதை எந்த அதிகாரியும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. 2007-இல் கைவிட்ட எல்லைச் சோதனையை இத்தாலிய சர்க்கார் 2023-இல் புதுப்பித்துவிட்டபடியால், அடுப்பும் படுக்கையும் சகிதமாக வீட்டையே ஓட்டிவரும் கண்ணியமான குடும்பஸ்தரோ, உலரப்போட்ட காலுறைகளுக்குப் பின்னால் எவரேனும் ஒளிந்திருக்கிறார்களா என்று ஒரு வாலிபக் காவலர் டார்ச் அடித்துத் திருப்தியடையும் வரையில், கடவுச்சீட்டும் கையுமாக நிற்கவேண்டியிருக்கிறது. போஸ்தோய்னா குகையில் வாழும், நூறாண்டு ஜீவிக்கவல்ல, கண்பார்வையற்ற ஓல்ம் பிராணி பாக்கியசாலி. ஆஸ்திரியா, இத்தாலி, யுகோஸ்லாவியா, ஸ்லோவேனியா என்று நான்கு ராஜ்யங்களின் பிரஜையாக, ஒரு கொடியையும் பாராமல், ஒரு மனுவும் எழுதாமல், அது ஒரே ஆயுளில் இருந்திருக்கக்கூடும்.