மலையேறிப் பேசுங்கள்

கேள்வி: வசந்த காலத்தில் வெளியூரிலிருந்து வரும் உறவினரோடு உல்லாசமாகப் பேசிக் களிக்கக் கள்ளக்குறிச்சியில் என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, சங்கராபுரம்.

பதில்: 2019 நவம்பர் 26-இல் நம் மாவட்டம் உதயமானபோது, பாகப்பிரிவினையில் சமுத்திரம் விழுப்புரத்தோடே நின்றுவிட்டதாயினும், சேலத்தாரோடு நாம் பகிர்ந்து அனுபவிக்கும் கல்வராயன் மலை நம் பங்குக்கு வந்திருக்கிறதே, அம்மணி! அடிவாரத்தில் கோமுகி அணையைத் தரிசித்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் கரியாலூர், வெள்ளிமலை என்று சென்றால், சமவெளியின் பங்குனி வெப்பம் பின்தங்கிவிட, கல்யாணம், பிரசவம், பரீட்சை என்று ஓராண்டுச் சமாசாரங்களையெல்லாம் இளங்காற்றில் சாவகாசமாகப் பேசித் தீர்க்கலாம். பெரியார் அருவி இப்பருவத்தில் மெலிந்திருக்கும். அக்குறையை அத்தைமாரின் பேச்சுப் பிரவாகம் நிவர்த்தி செய்துவிடும். திரும்புகையில் மலைவாழ் மக்களிடம் தேனும் சாமையும், தயவுசெய்து, பேரம் பேசாமல் வாங்குங்கள்.