பெத்த மறுநாள் களையெடுத்தவ

ஏட்டி, அந்தக் குடத்தைக் கீழ வையி. அஞ்சு மாசம் ஆயும் தையல் இழுக்குன்னு முனகுத, ஆனா கம்பி ஏணியில ஒத்தக் கையால பிடிச்சுக்கிட்டுத் தண்ணியோட ஏறுத. தொண்ணூறடி ரோட்டு டீக்கடையில உக்காந்திருக்கானே உம் புருசன், அவன் ரெண்டு குடம் ஏத்தினா மீசை உதிர்ந்திருமோ?

உம் மாமியா சொல்லுதா, "நாங்கள்லாம் பெத்த மறுநாளே களையெடுத்தோம்"னு. எடுத்திருப்பா. அவ வயித்த எவன் அறுத்தான்? உனக்குத் தோலு, கொழுப்பு, கெட்டிச் சவ்வு, கர்ப்பப்பைன்னு ஒவ்வொண்ணாத் திறந்துல்லா பிள்ளையை எடுத்திருக்காவ! மேல தெரியுத கோடு சீக்கிரம் காஞ்சிரும். உள்ள ஆறுதது அதோட சாவகாசத்துலதான்.

அடிவயித்துல சிரிச்ச வாய் மாதிரி கிடக்கே, அந்தக் குறுக்கு வெட்டை 1900-ல பான்னென்ஸ்டீல்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சாராம். சேலை கட்டினா தெரியாது, நல்லதுதான். ஆனா ஓரத்துல ஓடுத நரம்பு தழும்புல மாட்டிக்கிட்டா, தும்மினா சுண்டும், பாவாடை நாடா பட்டா எரியும், தொட்டா மரத்த மாதிரியும் இருக்கும். மூணு மாசம் தாண்டியும் வலிச்சா டாக்டரே அதுக்கு நாள்பட்ட வலின்னு பேரு வச்சிருக்காரு. "எல்லாம் மனசுலதான்"னு சொன்ன உன் நாத்தனாரைக் கொஞ்சம் இங்ஙன அனுப்பி வையி.

மும்பைக்கு வந்த நம்ம ஆளுக தலைப்பிரசவத்துக்குத் தாதர்ல ரயிலேத்தித் தமிழ்நாட்டுல இருக்க ஊருக்கு அனுப்புதோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கைப் பேரன் போன்ல வாசிச்சான்: மகாராஷ்டிரத்துல நூத்துக்கு 25 பேருக்குக் கத்தி, தமிழ்நாட்டுல 45. அங்ஙன தனியார் ஆஸ்பத்திரின்னா 64! தாய்வீட்டுச் சீரை அடிவயித்துலயே வாங்கிட்டு வாராளுவ. கத்தியைக் குறை சொல்லல, வேண்டிய இடத்துல அது ரெண்டு உசுரைக் காப்பாத்தும்.

படுக்கையில இருந்து எந்திரிக்கையில விசுக்குன்னு எந்திரிக்காத, ஒருக்களிச்சுக் கைய ஊனி எந்திரி. இருமல் வந்தா தலகாணியை வயித்தோட அமுக்கிக்க. புண்ணு நல்லா மூடியிருக்குன்னு டாக்டர் பாத்துச் சொன்னாத் தேங்காயெண்ணெ தொட்டு மெதுவாத் தடவு. பரோட்டா மாவு பிசையாத.

மாசத்தீட்டு வருதப்போ மட்டும் தழும்பு வீங்கி வலிச்சாச் சும்மா இருக்காத. கர்ப்பப்பை உள்தோலு அங்ஙன ஒட்டி வளந்திருக்கலாம், ஸ்கேன் பாக்கணும். இருமையில தழும்பு புடைச்சா குடலிறக்கமா இருக்கலாம். காச்ச, சீழுன்னா அன்னைக்கே ஓடணும். சயான் ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கந்தான, விடிஞ்சதும் போயிக் கேஸ் பேப்பர் எடு. "லேசா வலிக்கு"ன்னு மழுப்பாம எங்க, எப்போ, எம்புட்டுன்னு வாயைத் திறந்து சொல்லு. மாமியாளையும் கூட்டிட்டுப் போ. பெத்த மறுநாளே களையெடுத்தவளுக்கு வரிசையில நிக்க என்ன கேடு?