சர்வதேச மாப்பிள்ளை

சர்வதேச மாப்பிள்ளை ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் தங்களுக்குள் பேசியே பொழுது போய்விடும். வெளிநாட்டுக்கு நேரம் மிஞ்சாது. கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற சாலையில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் வாடை மூக்கை விட்டு விலகியதும் வருகிற மேல்பட்டாம்பாக்கத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். வயது முப்பத்தாறு. ஆப்பில் முப்பத்தொன்று.

பகலில் இ-சேவை மையத்தில் வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊரே தன்னைத் தான்தான் என்று நிரூபிக்க அவர் முன்னால் வரிசையில் நிற்கும். எண்பது வயதுக் கிழவியைப் பார்த்து, "ஆயா, ரேகை விழல, கையத் தொடச்சிட்டு வை" என்பார். வருஷக்கணக்காக அடுத்தவர் கட்டைவிரலைப் பிடித்துப் பழகிய மனிதருக்குக் காதலிலும் ஒரிஜினலைப் பார்க்காமல் நம்பிக்கை வராது. அதனாலேயே இன்னும் யாரையும் காதலிக்கவில்லை. எந்த ஆப்பில் காதலிப்பது என்கிற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

ஆப் இலவசமாக இருக்க வேண்டும், நம்பகமாக இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பெண்கள் அதில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த ஆப்பை ஒருவன் செய்திருந்தால் அவன் சாமியாராகத்தான் இருக்க வேண்டும். சாமியார்களும் இப்போது சும்மா எதையும் தருவதில்லை.

ஏன் வெளிநாடு என்று கேட்டேன். முதல் காரணம் படிப்பு. இளங்கலை, முதுகலை இரண்டையுமே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபாலில் முடித்தவர். 1979ல் தொடங்கிய அந்தத் தொலைதூரக் கல்வி இயக்ககம் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கியது. கூடவே இவருக்கு, நல்லது எதுவானாலும் தூரத்திலிருந்தே வரவழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் உண்டாக்கிவிட்டது. இரண்டாவது காரணம் சரித்திரம். 1860களில் கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார் இந்த ஊரில் மிஷன் தொடங்கினார்; டென்மார்க்கின் மிஷனரி சங்கம் அதைத் தாங்கிப் பிடித்தது. "ஆகக்கூடி டென்மார்க்குக்கும் நமக்கும் நூத்தி அறுவது வருஷப் பழக்கம் மாமா" என்று டீக்கடைக்காரரிடம் விளக்குவார். "அவங்க வந்துட்டுப் போயிட்டாங்க. நாம திருப்பிப் போவணும் இல்ல, மொய் மாதிரி?"

டீக்கடை மாமா இதை மறுத்ததில்லை. பாக்கி இருக்கிற ஆளிடம் சரித்திரம் பேச முடியாது.

ஆராய்ச்சி எல்லாம் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்கிறது. முதல் பக்கம் டிண்டர். 2012ல் அமெரிக்காவில் பிறந்தது; சேர்வதற்குக் காசு இல்லை; ஆனால் இலவசம் என்பது நாம் இருக்கிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைக்கும்தான். வட்டத்தை ஐந்து கிலோமீட்டராக வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு பெண். படத்தில் மும்பை நடிகை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் மட்டும் கபடி, அதுவும் உள்ளூர் அணியின் பெயரோடு. சித்தப்பா மகன்!

வட்டத்தை நாற்பதாக்கினார். அது பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரியை விழுங்கி, ஆரோவில்லையும் வளைத்துக்கொண்டது. உலகத்தார் எல்லாரும் சேர்ந்து வாழ்வதற்கென்றே 1968ல் தொடங்கிய ஊர். பிரெஞ்சுக்காரி, ஜெர்மன்காரி என்று முகங்கள் வர ஆரம்பித்தன. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. "வேலை முடிஞ்சுது தம்பி" என்றேன்.

முகத்தைச் சுளித்தார். "பஸ்ல போயிட்டுச் சாயங்காலம் திரும்பி வர்றது எப்படி சார் சர்வதேசம் ஆவும்?"

கடல் தாண்டி ஊர் தேட 'பாஸ்போர்ட்' என்றொரு வசதி உண்டு, அதற்குக் கட்டணம். ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில் மட்டும், டிண்டர் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அந்த மாதத்தைத்தான் நம்மவர் பொற்காலம் என்கிறார். நெல்லிக்குப்பம் வரை போனாலே போலீஸ் மறித்த நாட்களில் இவர் கோபன்ஹேகன் தெருக்களில் உலாவினார். அங்கே ஒருத்தி 'ஹாய்' என்று போட்டுவிட்டாள். பதிலுக்கு இருப்பிடச் சான்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு ஆவணமாகாது என்று மேலும் இரண்டு கேள்வி அனுப்பி, பதில்களை நோட்டில் ஏற்றி, சரிபார்த்து முடிப்பதற்குள் மே மாதம் பிறந்துவிட்டது.

பம்பிளையும் விட்டுவைக்கவில்லை. 2018 கடைசியில் பிரியங்கா சோப்ராவை வைத்து இந்தியாவுக்குள் வந்த ஆப் அது. பெண்தான் முதலில் பேச வேண்டும் என்பது அப்போது அதன் பெருமை. "சம்பந்தி வீட்டாரே முதல்ல வாயத் தெறக்கமாட்டாங்க. பொண்ணு பேசுமா சார்?" என்று ஒரு நாள் முழுக்கப் போனைச் சார்ஜிலேயே போட்டு வைத்துக் காத்திருந்தார். யாரும் பேசவில்லை. கட்டத்தில் 'நெட்வொர்க் கோளாறு' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஹிஞ்ச், ஓகேகியூபிட். டிண்டர் உட்பட மூன்றுக்கும் முதலாளி மேட்ச் குரூப் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனி என்று தெரிந்த இரவு அவர் சாப்பிடவில்லை. "மூணு கடையும் ஒரே ஆளோடதுன்னா நான் எத எதோட சார் ஒப்பிடுறது?" நியாயமான கேள்விதான். இன்னொரு நாள் உற்சாகமாக ஓடிவந்தார்: ஒன்பது பேர் அவரை விரும்புவதாக ஆப் சொல்கிறது. பார்த்தால் ஒன்பதும் மங்கலான முகங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். போன் திரையைத் துடைத்தார். பணம் கட்டினால்தான் மங்கல் விலகும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். மோசடி விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அமெரிக்காவிலேயே 2022ல் சுமார் எழுபதாயிரம் பேர் காதல் மோசடிகளில் 130 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்தார்கள் என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையத்தின் கணக்கையே ஒப்பிப்பார். நம் பக்கம் வழக்கமாக நடப்பது 'லண்டன் டாக்டரம்மா' நாடகம். பழகிய சில வாரங்களில் நகையும் பவுண்டுமாகப் பார்சல் அனுப்பிவிட்டதாகச் சொல்வாள். மறுநாள் டெல்லி விமான நிலையத்திலிருந்து சுங்க அதிகாரி போல ஒருவன் கூப்பிட்டு வரி கட்டச் சொல்வான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் அப்படி வரி கட்டக் கிளம்பியபோது குறுக்கே நின்று தடுத்தது நம்மவர்தான். "சுங்கத்துறை எந்தக் காலத்துலயும் தனி ஆள் கணக்குல பணம் போடச் சொல்லாது சார். லெட்டர் வந்தா அதுல டின்னு ஒரு ஆவண அடையாள நம்பர் இருக்கும், நெட்டுல போட்டுச் சரிபார்க்கலாம். காசு போயிட்டா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க" என்று வாசலிலேயே வகுப்பெடுத்தார். பெரியவருக்குப் பணம் தப்பியது. ஆனால் இன்றுவரை இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டாக்டரம்மா போன துக்கம்.

அன்று நம்மவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான் பிசிராந்தையாரை இழுத்தேன். முகம் பாராமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டு, சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து நடந்தே வந்து கூட இருந்து உயிர் விட்ட புலவர் இல்லையா?

"டிக்கெட்டுக்குப் பணம் கேட்டாரா?"

"இல்லை."

"அப்ப ஒரிஜினல்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவருடைய அம்மாவின் முறை வேறு. குறிஞ்சிப்பாடியில் ஒரு ஜாதகம் வந்தால் அம்மா மூன்று பேருக்குப் போன் போடுவார்: நாத்தனாரின் ஓரகத்திக்கு, அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுபவருக்கு, எப்போதோ கூட வேலை பார்த்த சத்துணவு ஆயாவுக்கு. அரை மணி நேரத்தில் பெண்ணின் சம்பளம், அப்பனின் குடி, அண்ணன் வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு வட்டி எத்தனை என்பதுவரை வந்துவிடும். கட்டணம் கிடையாது, மங்கலும் கிடையாது. "இந்த மாதிரி ஒரு ஆப்பு இருக்குதா பாரு" என்பார் மகனிடம். இல்லைதான். ஆனால் அம்மாவின் வட்டம் விருத்தாசலத்தோடு முடிந்துவிடுகிறது என்பது மகனின் குறை.

இதற்கிடையே ஒரு செய்தி: தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லிக் கொடுமைப்படுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022ல் மீட்கப்பட்டு வந்தார்கள். அந்தக் கூடாரங்களில் நடக்கும் தொழில்களில் ஒன்று, அழகான பெண்ணின் பெயரில் உட்கார்ந்து ஆண்களை வளைப்பது. செய்தியைப் படித்ததிலிருந்து நம்மவருக்குத் தூக்கம் போயிற்று. லிஸ்பன் மரியா என்று வருவது பட்டினியும் அடியுமாகத் தட்டச்சு செய்கிற விழுப்புரத்துப் பையனாக இருந்தால்? அதனால் வெளிநாட்டுப் பெண் யார் வந்தாலும் முதல் செய்தியாக ஆங்கில எழுத்தில் 'சாப்டியா' என்று அனுப்ப ஆரம்பித்தார். தமிழ்ப் பையனாக இருந்தால் மனசு தாங்காமல் பதில் சொல்லிவிடுவான் என்று கணக்கு.

தமிழில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நார்வேக்காரி ஒருத்தி மட்டும் அதை ஏதோ ஆபாச வார்த்தை என்று எடுத்துக்கொண்டு புகார் கொடுத்துவிட்டாள். ஆப் அவர் கணக்கை நிறுத்திவைத்து, நீங்கள் நீங்கள்தானா என்று பார்க்க வேண்டும், முகத்தை வீடியோவில் காட்டுங்கள் என்றது. காட்டினார். இடப்பக்கம், வலப்பக்கம், நேராக. கணக்கிலுள்ள படத்தில் இருப்பவர் நீங்கள் அல்ல என்று பதில் வந்தது.

படம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டுடியோவில் எடுத்தது. தலை நிறைய முடி; முகத்தில் நாலு படி வெள்ளை ஏற்றப்பட்டிருந்தது; பின்னால் சுவிட்சர்லாந்துப் பனிமலை. "ஊருக்கெல்லாம் சான்றிதழ் குடுக்குறவன் சார் நான்" என்றார் குரல் தழுதழுக்க. மேல்முறையீடு செய்யப் புதுப் படம் வேண்டும். அதே ஸ்டுடியோவுக்குப் போனோம்.

"அண்ணே, உள்ளது உள்ளபடி எடுக்கணும். கம்ப்யூட்டர்ல கையே வைக்கக் கூடாது."

ஸ்டுடியோக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துடலாம் தம்பி. பின்னாடி என்ன போடட்டும், சுவிட்சர்லாந்தே இருக்கட்டுமா?"

நம்மவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"டென்மார்க் இருக்காண்ணே?"