மருமகன் கேட்ட சீர்

சிங்கப்பூர்,
ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? நீ கொடுத்துவிட்ட கருவாடு வந்து சேர்ந்தது. அதை வறுத்த நாளிலிருந்து பக்கத்து அறைக்காரர் என்னோடு பேசுவதில்லை.

மருமகப்பிள்ளை போன் பண்ணினான். காதுகுத்துக்குக் கடுக்கன் போட்ட தாய்மாமன், காலேஜ் போகிறவனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தரக்கூடாதா என்று கேட்டான். "படிப்புக்குத்தான் மாமா, ஏஐ ப்ராஜெக்ட்" என்றான். சொல்லும்போதே பின்னால் படபடவென்று துப்பாக்கிச் சத்தம். கோவில்பட்டியில் இப்போது இந்த மாதிரிதான் படிக்கிறார்கள் போல.

கார்டு என்றதும் தீப்பெட்டி அளவில் ஒன்றை நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தால் சிம் லிம் ஸ்கொயர் வந்துவிடும். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடை. விலைப்பட்டியலை பஞ்சாங்கம் மாதிரிப் பொடி எழுத்தில் அடித்துக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். கார்டைப் பார்த்தேன். செங்கல்! அதற்கு ரெண்டு ஃபேன் வேறு. நான் குடியிருக்கும் அறையில் நாலு பேருக்கு ஒரு ஃபேன்தான்.

"பட்ஜெட் எவ்வளவு அங்கிள்?" என்றான் கடைப் பையன். 250 வெள்ளி என்றேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்பவன் போலப் பார்த்தான்.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குத் தாத்தா என்னைக் கூட்டிப்போவாரே, அந்தப் புத்திதான் கைகொடுத்தது. என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரு கார்டு. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி. 2024 பிப்ரவரியில் அதே பெயரில் 6 ஜிபி ஒன்றை விட்டிருக்கிறார்கள். குறைந்தது மெமரி மட்டும்தானே என்று நினைப்போம். உள்ளே வேலை பார்க்கிற கோர்களையும் 2560லிருந்து 2304 ஆக்கிவிட்டார்கள். மெமரிக்குப் போகிற பாதையையும் 128லிருந்து 96 பிட்டாகச் சுருக்கிவிட்டார்கள். கிடாயைக் காட்டிக் குட்டியைக் கட்டிவிடுகிற கதை. தாத்தாவாக இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டுக்குப் போயிருப்பார்.

ஆனால் குட்டிக்கு ஒரு குணம் உண்டு, தீனி குறைவு. 70 வாட்தான். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் கொடுத்துவிடுமாம். அதனால் பெரும்பாலும் தனி வயர் செருக வேண்டியதில்லை.

இதைவிட நன்றாக விளையாட்டை ஓட்டுகிற கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 2021 அக்டோபரில் வந்தது. பழசாக வாங்கினால் என் பணத்துக்குள் அடங்கும். ஆனால் 132 வாட் தின்னும். பவர் சப்ளையிலிருந்து 8 பின் வயர் வேண்டும். அந்தப் பெட்டியும் 450 வாட்டாவது இருந்தால் நல்லது.

பழசு விற்கிற ஒரு பையனை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தேன். "காயின் மைனிங்குக்கு ஓட்டவே இல்லை" என்று நான் கேட்காமலே சொன்னான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற காயினில் கார்டு வைத்துத் தோண்டுகிற முறையையே நிறுத்திவிட்டார்கள். ராப்பகலாக உழைத்த கார்டெல்லாம், கொம்புக்குப் பெயின்ட் அடித்த உழவு மாடு மாதிரி சந்தைக்கு வந்துவிட்டது. இவன் கார்டில் தூசி ஒரு பொட்டு இல்லை; திருகுகளில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் தடம். கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிக்காட்டு என்றேன். அவசர வேலை வந்துவிட்டது அவனுக்கு.

இப்போது நம் பிள்ளை சொன்ன பொய்க்கு வருகிறேன். ஏஐ படிப்புக்கு என்றால் என்விடியாதான் சௌகரியமாம். பாடம், பயிற்சி எல்லாம் பெரும்பாலும் அவர்களுடைய கூடா என்கிற ஏற்பாட்டை நம்பி இருக்கிறது. (பேரைக் கேட்டதுமே எனக்குப் பயம். கூடா நட்பு மாதிரி இருக்கிறது.) விளையாட்டுக்கு மட்டும் என்றால், அதே காசுக்கு ரேடியான் கூடுதலாக ஓடும். ஆக, அவன் படிப்புப் படிப்பு என்று சாதிக்கிற வரைக்கும் அவன் விளையாட்டுதான் மந்தமாக ஓடும்.

அதனால் நீ ஒரு காரியம் பண்ணு. கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல். பவர் சப்ளை மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. பிறகு உன் தையல் டேப்பால், கார்டு உட்காருகிற இடத்தின் நீளத்தை நீயே அள. அவனை அளக்க விடாதே. ஜாக்கெட் துணி பத்தும் என்கிற கடைக்காரன் மாதிரி எல்லாம் பத்தும் என்பான். அப்புறம் அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்து, படிப்புக்கா விளையாட்டுக்கா என்று கேள். உண்மையைச் சொன்னால் அத்தானிடம் நான் மூச்சுவிட மாட்டேன்.

சீக்கிரம் பதில் போடு. அடுத்த மாதம் நம்மூர்ப் பையன் ஒருவன் வருகிறான். அவன் பையில் கோடாலித் தைலம் போக மிச்சம் 24 சென்டிமீட்டர்தான் இருக்கிறதாம். உன் அளவு அதைவிடப் பெரிதாக வந்தாலும் பிரயோஜனமில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி