எடுத்தாச்சு, இன்னும் கழுவலை!

பூநாரை சீசன் வந்தால் பழவேற்காட்டில் கேமராக்காரர்கள் கூட்டம். பழைய பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அதில் உண்டு. அவர்களோடு பேசிப் பழகிய ஏரிக்கரைக் குப்பத்து வாசகர்களின் கேள்விகள் இந்த வாரம்.

டச்சுக் கல்லறையைப் படம் எடுக்க வந்த வெளிநாட்டுக்காரர், எடுத்த ரோல்களைத் தன் நாட்டில்தான் கழுவுவாராம். பார்சல் பாரத்தில் ‘பிலிம்’ என்று எழுதினால் போதாதா?
– வாசகர், லைட்ஹவுஸ் குப்பம்

போதாது. சுங்க அட்டவணையில் பிலிம் ரோல் ஒரு சரக்கு இல்லை, மூன்று சரக்கு. படம் எடுக்காத ரோல் 3702. எடுத்துவிட்டுக் கழுவாமல் வைத்திருப்பது 3704. கழுவி நெகட்டிவ் ஆகிவிட்டால் 3705. சினிமா பிலிம் என்றால் கழுவிய பிறகு 3706. கழுவும் வரை அதுவும் 3704-தான். இந்த எண்களை வகுத்துக் காப்பது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு. 1988 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குப் பின்னால் வருவது அந்தந்த நாட்டின் சொந்தக் கணக்கு. ஆகவே பாரத்தில் ‘படம் எடுத்த, கழுவாத பிலிம்’ என்று ஆங்கிலத்தில் முழுசாக எழுதி, எத்தனை ரோல், விற்பனைக்கா சொந்த உபயோகத்துக்கா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே பிலிம்தானே, எதற்குத் தனி எண்?
– வாசகி, கோட்டைக்குப்பம்

உங்கள் ஏரியின் சேற்று நண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையம் வழியாக உயிரோடு சிங்கப்பூர் போகிறதே, அது 0306. ஐஸில் வைத்தாலும், உறைய வைத்தாலும், ஓட்டோடு வெந்நீரில் அவித்தாலும் அதே 0306. மசாலா போட்டுச் சமைத்து டப்பாவில் அடைத்தால் 1605-க்குத் தாவிவிடும். நண்டு ஒன்றுதான், எந்த நிலையில் எல்லையைத் தாண்டுகிறது என்பதை வைத்துத்தான் எண். பிலிமிலும் அப்படியே. எடுத்த ரோலை மறுபடி கேமராவில் போட்டுப் புதுப் படம் எடுக்க முடியாது, அதனால் அது கச்சா பிலிம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் முடியாது, அதனால் நெகட்டிவும் இல்லை. இரண்டிலும் சேராததற்கு ஓர் எண் கொடுத்தது சரியான காரியம்.

அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்தால்?
– படகோட்டி, அரங்கம்குப்பம்

இந்த வாரத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது.

வெளிச்சம் பட்டதும் பிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகளில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒன்றுசேர்ந்து புள்ளியாக நிற்கும். எண்ணினால் நாலைந்துகூடப் போதும். அது எப்படி நடக்கிறது என்பதை 1938-ல் கர்னி, மாட் என்ற இருவர் விளக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு துகள் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக்குவதுதான் கழுவும் மருந்தின் வேலை. அதற்கு முன்னால் சுருளை வெளியே இழுத்தால் எல்லாத் துகளும் ஒரே மாதிரி வெளிச்சம் வாங்கிவிடும். அப்புறம் கழுவினால் முழுக்கக் கறுப்பு. பார்ப்பதற்காகத் திறந்தால் பார்க்க ஒன்றும் மிஞ்சாத சரக்கு இது.

திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. 35 மில்லிமீட்டர் ரோலில், புதுசு என்றால் பிலிமின் நாக்கு டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடுத்து முடித்துச் சுற்றிவிட்டால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். சில கேமராக்கள் நாக்கை வெளியிலேயே விட்டுவிடும். அப்படியானால் நுனியை மடித்துவிடுவது நல்லது. பெரிய 120 ரோலில் எடுத்து முடித்ததும் ஒட்டும் காகிதப் பட்டையிலேயே ‘எக்ஸ்போஸ்டு’ என்று அச்சடித்திருக்கும். இவ்வளவு அடையாளம் வெளியே தெரியும்போது உள்ளே கை வைக்க அவசியமே இல்லை. சந்தேகம் தீரவில்லையா? அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும், இருட்டறையில் வைத்துப் பிரிக்கட்டும். ஒரு மனுஷர் மாதக் கணக்கில் அலைந்து எடுத்த படங்களை ஒரு நொடியில் அழிக்கும் உரிமை எந்த மேஜைக்கும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

கையிலேயே எடுத்துக்கொண்டு விமானத்தில் போனால் இந்த எண்ணெல்லாம் வேண்டுமா?
– வாசகர், ஜமீலாபாத்

வேண்டாம். பயணியின் பெட்டிக்கு நம் நாட்டு அட்டவணையில் தனி எண்ணே இருக்கிறது: 9803. 3704 எல்லாம் சரக்காக வருவதற்கு. விமானத்தில் பயப்பட வேண்டியது சுங்கத்துக்கு அல்ல, ஸ்கேனருக்கு. புதிதாக வந்திருக்கும் சி.டி. ஸ்கேனர், கழுவாத பிலிமில் மூட்டம் போட்டுவிடும். பிலிமைக் கைப்பையில் வைத்து, சி.ஐ.எஸ்.எஃப். காவலரிடம் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே கூடாது. அங்கே இருக்கும் இயந்திரம் இன்னும் கடுமை.

எங்கள் ஊர் கெல்ட்ரியா கோட்டையில் டச்சுக்காரர்கள் பிலிமுக்கு வரி வாங்கினார்களா?
– பள்ளி மாணவி, பழவேற்காடு

வாய்ப்பே இல்லை. கோட்டை கட்டியது 1613. பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது 1825. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்.

அப்படியானால் ‘கழுவாத பிலிம்’ என்ற சரக்கு எப்போது பிறந்தது?
– அதே மாணவி

நல்ல தொடர்ச்சி! 1871 டிசம்பர் 12-ல் முழுச் சூரிய கிரகணம் நம் நீலகிரி மேல் விழுந்தது. தொட்டபெட்டாவில் அதைப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு நடப்பில் இருந்தது ஈரத் தகடு. மருந்து காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவிவிட வேண்டும். எடுத்ததைக் கழுவாமல் கப்பலேற்ற வழியில்லை. அதே 1871-ல் இங்கிலாந்தில் மேடக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அதிலிருந்துதான் இன்று எடுத்து நாளை கழுவுவது சாதாரண வழக்கமானது. 1888-ல் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் கேமராவில் நூறு படம் எடுத்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டும். கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இந்தக் கதையின் இன்னொரு கோடியும் சொல்லத் தக்கது. கோடாக்ரோம் என்ற கலர் பிலிமைக் கழுவ உலகத்தில் கடைசியாக மிஞ்சியது ஒரே கடை, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில். 2010 டிசம்பர் வரை பல நாடுகளிலிருந்தும் கழுவாத ரோல்கள் அந்த முகவரிக்குத்தான் போயின. தயாரான கடைசி ரோலை கோடாக் நிறுவனம் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரிக்குக் கொடுத்தது. 36 படம். அதில் ஒரு பங்கை இந்தியாவில் எடுத்தார். எடுத்த ரோலைத் தபாலில் விடாமல் தானே பார்சன்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். புரிகிறதல்லவா, ஏன் என்று?

காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை. பற்றவைத்த இடத்தை எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். வெளிச்சமே படாத அதுவும் இதே கணக்கா?
– வாசகர், கோரைக்குப்பம்

இதே கணக்கு. 37-ஆம் அத்தியாயத்தின் குறிப்பிலேயே ‘ஒளி அல்லது வேறு கதிர்வீச்சு’ என்று போட்டிருக்கிறது. கழுவாமல் வெளிநாடு போனால் 3704, கழுவிப் போனால் 3705.

கழுவாத ரோலுக்கு என்ன விலை போடுவது? உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?
– பழைய ஸ்டுடியோக்காரர், பொன்னேரி

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி! வாங்கி விற்கும் சரக்கு என்றால் பில்லில் உள்ள தொகைதான் விலை. ‘இது வெறும் பிலிம், நூறு ரூபாய்’ என்று சொல்லித் தப்ப முடியாது. 2001-ல் அசோசியேட்டட் சிமென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், வரைபடம், கையேடு போன்றவை காகிதத்தில் வந்தாலும் சரக்குதான், அதில் அடங்கிய அறிவின் விலையும் சேரும் என்று தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய படச்சுருளுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பேன். சொந்தமாக எடுத்த படத்தை யாருக்கும் விற்கவில்லை என்றால் கதை வேறு. பிலிமின் நியாயமான விலையைப் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று எழுதுங்கள்.

பழைய ஸ்டுடியோக்காரர் என்பதால், ஊட்டியில் ‘இந்து’ பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நினைவிருக்கும் உங்களுக்கு. 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம். 2014-ல் அதை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்த ஆலை இல்லாமல் போனது தமிழ்நாட்டுக்குப் பெரிய இழப்பு.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் சுங்கம் உண்டா?
– வாசகர், நடுக்குப்பம்

இல்லை. மின்வழி அனுப்புவதற்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998-ல் ஒப்புக்கொண்டு, பல முறை நீட்டித்தன.

அப்பாவின் கேமராவில் இருபது வருஷமாக ஒரு ரோல் கிடக்கிறது. படம் வருமா?
– வாசகி, ஆண்டிக்குப்பம்

வரலாம். உப்புக்காற்றும் வெக்கையும் அந்த வெள்ளிப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கலர் ரோலை விடக் கறுப்பு வெள்ளை தாங்கும். கேமராவின் பின்கதவைத் திறக்காதீர்கள். முதலில் ரோலை முழுசாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். எடுத்து, ஈரம் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சென்னையில் பிலிம் கழுவும் லேப் இன்னும் உண்டு. பழைய ரோல் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், இந்த மாதமே கொடுங்கள். படம் வந்து, சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்குப் பிரிண்ட் அனுப்பினால் அதன் எண் 4911.